தண்டுப் பகுதியிலிருந்து நகரக் கழகம் வரை: பெங்களூரு கால்பந்துக் கழகத்தின் வரலாறும் அடையாளமும்

முன்னுரை

விளையாட்டுக் கழகங்களின் வரலாறு பெரும்பாலும் அவை வென்ற கோப்பைகளின் பட்டியலாகவே எழுதப்பட்டு வருகிறது. கோப்பைகள் ஒரு கழகத்தின் ஆற்றலைக் காட்டும். ஆனால் அக்கழகம் யாருடையது, எந்த மரபின் தொடர்ச்சி, எந்த மக்களின் பெயரால் அது களம் இறங்குகிறது ஆகிய வினாக்களுக்குக் கோப்பைகள் விடை தருவதில்லை. 2013 சூலை 20இல் தொடங்கப்பெற்ற பெங்களூரு கால்பந்துக் கழகம் (பெங்களூரு எஃப்.சி.) இவ்வினாக்களை எழுப்புவதற்கு மிகவும் பொருத்தமான சான்றாகும். தோன்றிய முதலாண்டிலேயே இந்தியாவின் முதன்மையான லீக் போட்டியை வென்ற இக்கழகத்தைப் பழமையற்ற புதிய நிறுவனம் என்று கருதுவோர் உளர். எனினும் அது வேர்கொண்ட நிலத்தில் கால்பந்து பல தலைமுறைகளாக ஆடப்பட்டு வந்துள்ளது; அம்மரபை வளர்த்தோருள் தமிழ் பேசும் உழைக்கும் மக்கள் குறிப்பிடத்தக்க இடம் பெறுகின்றனர். அம்மரபுக்கும் இன்றைய கழகத்திற்கும் உள்ள உறவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தண்டும் பேட்டையும்

பெங்களூர் நெடுங்காலம் ஒரே நகரமாக இருந்ததில்லை. கெம்பே கவுடரின் காலத்தில் உருவாகி வளர்ந்த பேட்டை ஒருபுறம். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், 1809 அளவில் ஆங்கிலேயர் அமைத்த படைக்குடியிருப்பு மறுபுறம். இப்படைக்குடியிருப்பையே மக்கள் ‘தண்டு’ என்றனர். தண்டு என்னும் சொல் படையைக் குறிப்பதாகத் தமிழிலும் பழங்காலந்தொட்டு வழங்கி வருவதை ஈண்டு நினைவு கூரலாம். பேட்டை மைசூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. தண்டோ குடிமை மற்றும் படை நிலையம் என்னும் பெயரில் ஆங்கிலேயரின் நேரடி நிருவாகத்தில் இருந்து, 1947 சூலையில்தான் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949இல் இரு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின.

தமிழர் பெங்களூர் வட்டாரத்திற்கு அன்னியர் அல்லர். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள், தண்டு அமைவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இங்குத் தமிழ் வழங்கியதைக் காட்டும். எனினும் பெருந்தொகையான தமிழர் குடியேற்றம் படையைத் தொடர்ந்தே நிகழ்ந்தது. சென்னை மாகாணத்துப் படைவீரர், மதராஸ் சாப்பர்ஸ் எனப்பட்ட பொறியியற் படைப்பிரிவினர், கட்டடத் தொழிலாளர், சமையற்காரர், குதிரை பராமரிப்போர், வணிகர் எனப் பல நிலையினரும் வந்தனர். அல்சூர், சிவாஜி நகர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் ஆகிய பகுதிகள் இவ்வாறு தமிழ் வழங்கும் குடியிருப்புகளாக வளர்ந்தன. இவர்களோடு உருது பேசும் இசுலாமியரும் ஆங்கிலோ இந்தியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர்.

கால்பந்து இந்நகருக்குப் படைவீரர் வழியே வந்தது. அணிவகுப்புத் திடல்களில் ஆங்கிலேய வீரர் ஆடியதைச் சுற்றியிருந்த குடியிருப்புகளின் இளைஞர் கண்டு பயின்றனர். மட்டைப்பந்துக்கு வேண்டிய கருவிகளும் சீரான களமும் இவ்விளையாட்டுக்குத் தேவைப்படவில்லை. ஒரு பந்தும் சிறிது வெற்றிடமும் போதுமாயின. எனவே பெங்களூரில் கால்பந்து தண்டுப் பகுதி உழைப்பாளரின் விளையாட்டாகவே வேரூன்றியது எனலாம்.

வெறுங்கால் தலைமுறை

பம்பாயில் 1891இல் தொடங்கப்பெற்ற ரோவர்ஸ் கோப்பையை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலேயப் படை அணிகளே வென்று வந்தன. அவ்வரிசையை உடைத்தது பெங்களூரின் அணி. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் என்னும் கழகம் இறுதியாட்டத்தில் கல்கத்தாவின் முகமதியன் ஸ்போர்டிங் அணியை வென்று அக்கோப்பையைக் கைப்பற்றிய முதல் இந்திய அணியாயிற்று. அடுத்த ஆண்டும் கோப்பையை அதுவே வென்றது. கல்கத்தாவில் மோகன் பகான் 1911இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற நிகழ்ச்சி தேசிய நினைவில் நிலைபெற்றுவிட்டது. பெங்களூர் அணியின் வெற்றியோ அவ்வாறு நினைக்கப்படுவதில்லை.

மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பைப் போட்டியில் மைசூர் அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய நான்கு பருவங்களில் வெற்றி பெற்றது. முதல் வெற்றி, அக்காலத்தில் பெரும் வலிமை பெற்றிருந்த வங்காளத்தை வீழ்த்திப் பெற்றதாகும்.

விடுதலைக்குப் பின் இந்தியா பங்கேற்ற முதல் ஒலிம்பிக் கால்பந்துப் போட்டியிலும் பெங்களூரின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. 1948 சூலை 31இல் இலண்டன் அருகே இல்ஃபோர்டு நகரில் பிரான்சை எதிர்த்து இந்திய அணி ஆடியது. ஆட்டக்காரருள் பலர் காலணியின்றி ஆடினர். இரண்டு தண்ட உதைகளை வீணாக்கிய இந்தியா 1-2 என்னும் கணக்கில் தோற்றது. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். அதே அணியில் இடம்பெற்றிருந்த அகமது கானும் தன்ராஜும் பின்னர்க் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் ‘பஞ்ச பாண்டவர்’ எனப் புகழ்பெற்ற ஐவர் முன்கள வரிசையில் ஆடினர். அகமது கான் 1951ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் அணியிலும் இருந்தார்.

பெயர்கள் தரும் சான்று

தண்டுப் பகுதி உழைப்பாளரின் விளையாட்டு வாழ்வைப் பற்றி அவர்களே எழுதிவைத்த பதிவுகள் அரியவை. எனவே ஆட்டக்காரர் பட்டியலில் உள்ள பெயர்களையே வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது. 1948ஆம் ஆண்டு அணியில் சாரங்கபாணி ராமன், கோல் காப்பாளர் வரதராஜ். 1952ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணியில் துலுக்காணம் சண்முகம். 1962ஆம் ஆண்டு சகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் அருமைநாயகம். 1970களில் மோகன் பகானின் ஓரக்கள ஆட்டக்காரராக விளங்கிய உலகநாதன். 1980களில் இந்திய அணிக்கு ஆடிய பாபு மணி எனப் பெங்களூர் அளித்த ஆட்டக்காரர் வரிசை நீள்கிறது.

இப்பெயர்களை உற்று நோக்கினால் சில செய்திகளை அறிய முடிகிறது. சாரங்கபாணி என்பது குடந்தைத் திருமாலின் பெயர். வரதராஜ் என்பது காஞ்சிப் பெருமாளை நினைவூட்டுவது. துலுக்காணம் என்பது வடதமிழகத்தில் வழிபடப்பெறும் துலுக்காணத்தம்மனின் பெயரையொட்டி இடப்படுவது. அருமைநாயகம் என்பது தமிழ்க் கிறித்தவரிடையே வழங்கும் பெயர். தமிழகத்தின் பல வட்டாரங்களிலும் பல சமயப் பிரிவுகளிலும் வழங்கும் பெயர்கள் தண்டின் ஆட்டக்களத்தில் ஒன்றாக நிற்பதைக் காண்கிறோம். பெயரை மட்டும் கொண்டு ஒருவரின் குடும்ப வரலாற்றை முடிவு செய்ய இயலாது. எனினும் பெயர்த் தொகுதி ஒரு சமுதாயத்தின் இருப்பைக் காட்டப் போதுமானதாகும். இவற்றோடு அகமது கான் முதலிய இசுலாமியப் பெயர்களும், 1990களில் இந்திய அணியின் தலைவராக விளங்கிய கார்ல்டன் சாப்மனின் பெயரும் சேரும்போது, தண்டின் கலப்புப் பண்பாடு முழுமையாக வெளிப்படுகிறது.

இம்மரபின் இன்றைய அடையாளமாகக் கௌதமபுரத்தைச் சுட்டலாம். அல்சூரை அடுத்த இச்சிறு குடியிருப்பில் அண்ணல் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரர் பெலேயின் சிலையும் நிறுவப்பட்டுள்ளது. ஒடுக்கப்பட்ட மக்கள் மிகுதியாக வாழும் ஒரு பகுதி, தன் விடுதலைக்கு வழிகாட்டியவரின் அருகில் ஒரு கால்பந்து வீரரை நிறுத்தியிருப்பது வெறும் பொழுதுபோக்கு ஆர்வத்தின் விளைவன்று. ஏழைச் சிறுவன் ஒருவன் உலகம் மதிக்கும் மனிதனாக உயர முடியும் என்பதன் சான்றாகவே பெலே அங்கு மதிக்கப்படுகிறார் என்று கொள்ளலாம்.

ஆலை அணிகள்

1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும் (ஐ.டி.ஐ.), அவற்றைத் தொடர்ந்து எச்.எம்.டி., பாரத் மின்னணு நிறுவனம் ஆகியனவும் பெங்களூரில் தோன்றின. இவ்வாலைகள் விளையாட்டு வீரர்க்கு வேலை அளித்தன. காலையில் பயிற்சி, பகலில் பணி, மாலையில் ஆட்டம் என்பது ஆலை அணி ஆட்டக்காரரின் வாழ்க்கைமுறை. மாத ஊதியமும் ஓய்வூதியமும் உறுதியாக இருந்தமையால், கால்பந்து ஒரு குடும்பத்தை வறுமையிலிருந்து மீட்கும் வழியாயிற்று.

ஆயினும் பெரும்புகழ் நாடியோர் கல்கத்தாவிற்கே செல்ல வேண்டியிருந்தது. அகமது கான் தொடங்கிப் பாபு மணி, சாப்மன் வரை பெங்களூரின் சிறந்த ஆட்டக்காரர் கல்கத்தாக் கழகங்களின் வரலாற்றிலேயே பெரிதும் நினைக்கப்படுகின்றனர். ஆட்டக்காரரை உருவாக்கிய நகரம், அவர்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் கழகத்தை உருவாக்கவில்லை. 1991க்குப் பிந்தைய பொருளாதார மாற்றங்களால் பொதுத்துறை நிறுவனங்களின் பணியமர்த்தம் குறைந்தபோது ஆலை அணிகளும் நலிந்தன. ஐ-லீக் போட்டியில் ஆடிவந்த எச்.ஏ.எல். அணி 2011-12 பருவத்தின் இறுதியில் கீழிறக்கம் பெற்றது. அடுத்த பருவத்தில் இந்தியாவின் முதன்மை லீக்கில் பெங்களூருக்கு அணியே இல்லை.

கழகத்தின் தோற்றமும் வெற்றிகளும்

இவ்வெற்றிடத்தில்தான் பெங்களூரு எஃப்.சி. தோன்றியது. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நேரடி நுழைவு வழங்கும் முறையில், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் 2013இல் இவ்வுரிமையைப் பெற்றது. கர்நாடகத்தின் தோரணகல்லில் பெரிய எஃகாலையை நடத்தும் குழுமம் இது. எனினும் இக்கழகம் ஆலைத் தொழிலாளரின் அணியன்று. முழுநேர ஊதியம் பெறும் தொழில்முறை ஆட்டக்காரரின் அணி. ஆஷ்லி வெஸ்ட்வுட் என்னும் ஆங்கிலேயர் பயிற்சியாளராகவும், செகந்திராபாத்தில் பிறந்த சுனில் சேத்ரி தலைவராகவும் பொறுப்பேற்றனர். 2014 ஏப்பிரலில் கோவாவில் டெம்போ அணியை 4-2 என வென்று முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டத்தை உறுதி செய்தது இக்கழகம். 2015-16இல் மீண்டும் ஐ-லீக், 2014-15, 2016-17 பருவங்களில் கூட்டமைப்புக் கோப்பை என வெற்றிகள் தொடர்ந்தன.

2016இல் ஆல்பர்ட் ரோக்காவின் பயிற்சியில், முந்தைய ஆண்டு வாகையரான மலேசியாவின் ஜொகூர் அணியை அரையிறுதியில் வென்று, ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டிய முதல் இந்தியக் கழகம் என்னும் பெருமையைப் பெற்றது. தோகாவில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் ஈராக்கின் விமானப்படைக் கழகத்திடம் 0-1 எனத் தோற்றது.

இந்தியன் சூப்பர் லீக்கில் இக்கழகம் நுழைந்த வரலாறு தனியே நோக்கத்தக்கது. 2014இல் அப்போட்டி உருவானபோது பெங்களூருக்கான அணியுரிமை சன் குழுமத்திற்கு வழங்கப்பட்டிருந்தது. அக்குழுமம் விலகியபின் அவ்விடம் சென்னைக்குச் சென்றது, சென்னையின் எஃப்.சி. பிறந்தது. பெங்களூரு எஃப்.சி. 2017-18இல் அப்போட்டியில் சேர்ந்தது. அப்பருவத்தில் லீக் சுற்றில் முதலிடம் பெற்றபோதிலும், 2018 மார்ச்சு 17இல் தன் சொந்த அரங்கில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் அதே சென்னை அணியிடம் 2-3 எனத் தோற்றது. மறு ஆண்டு மும்பையில் கோவா அணியை 1-0 என வென்று பட்டம் பெற்றது. 2018இல் சூப்பர் கோப்பையையும் 2022இல் டூரண்ட் கோப்பையையும் வென்றது. 2022-23, 2024-25 பருவங்களின் சூப்பர் லீக் இறுதியாட்டங்களில் கல்கத்தாவின் மோகன் பகானிடம் தோல்வியுற்றது.

பெயரும் அரங்கும்

கழகத்தின் அடையாளத்தை இரு கூறுகள் தெளிவுபடுத்துகின்றன. ஒன்று அதன் பெயர். நகரின் ஆங்கிலப் பெயரைப் ‘பெங்களூரு’ என மாற்றும் முடிவு 2006இல் அறிவிக்கப்பட்டபோதிலும், அது 2014 நவம்பர் 1இல்தான் முறைப்படி நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்னரே கழகம் அப்பெயரை ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பேகூர் நடுகல்லில் காணப்படும் பெயரின் வழிவந்தது இது. தமிழில் ‘ஊர்’ என மெய்யீற்றில் முடியும் சொல் கன்னடத்தில் ‘ஊரு’ என உகரம் பெறும். தண்டின் தமிழர்க்கு இந்நகர் பெங்களூர். பேட்டையின் கன்னடியர்க்குப் பெங்களூரு. படைக்குடியிருப்பில் வளர்ந்த விளையாட்டு, பேட்டையின் மொழியில் அமைந்த பெயரை முதன்முறையாகச் சூடிக்கொண்டது.

மற்றொன்று அரங்கு. முதற் பருவத்தில் கழகம் தண்டின் பகுதியான அசோக் நகரில் உள்ள பெங்களூர்க் கால்பந்து அரங்கில் ஆடியது. 2014-15 பருவத்திலிருந்து ஸ்ரீகண்டீரவா அரங்குக்கு மாறியது. இவ்வரங்கு அமைந்துள்ள இடம் முற்காலத்தில் சம்பங்கி ஏரி. பேட்டைக்கும் தண்டுக்கும் இடையே இருந்த இவ்வேரி தூர்ந்து நிலமாயிற்று. கரக விழாச் சடங்குகளுக்கெனச் சிறு குளம் மட்டும் எஞ்சியுள்ளது. இரு நகரங்களின் எல்லையிலேயே இன்று நகரக் கழகத்தின் அரங்கு நிற்கிறது. இது திட்டமிட்ட குறியீடு அன்று. ஆயினும் கழகத்தின் வரலாற்று நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

இவ்வரங்கின் மேற்குப் பகுதியில் திரளும் ‘வெஸ்ட் பிளாக் புளூஸ்’ என்னும் ஆதரவாளர் குழு ஆட்டம் முழுவதும் நின்றபடி பாடி முழங்குவது. ஆலை அணிகளுக்கும் பழைய கழகங்களுக்கும் தெரு, பேட்டை, சமயம், தொழிற்சாலை ஆகிய அடையாளங்களே இருந்தன. நகரம் முழுமைக்குமான அடையாளத்தை இக்குழுவே முதலில் உருவாக்கியது எனலாம்.

இவ்வடையாளம் எத்துணை நொய்ம்மையான சூழலில் உருவானது என்பதையும் கருத வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டிப் பெங்களூர்த் தமிழர் வன்முறைக்கு ஆளாயினர். அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, 2009 ஆகத்து 9இல்தான் திறக்கப்பட்டது. 2016 செப்டம்பர் 12இல் நகரம் மீண்டும் எரிந்தது. அதே வாரத்தில் ஏ.எஃப்.சி. கோப்பைக் காலிறுதியின் முதற்கட்ட ஆட்டம் கண்டீரவா அரங்கில் நடைபெற்றது. சிங்கப்பூரின் டம்பைன்ஸ் அணியைப் பெங்களூரு 1-0 என வென்றது. கோல் அடித்தவர் கேரளத்தைச் சேர்ந்த வினீத். மொழியின் பெயரால் நகரம் பிளவுண்ட நாள்களில், மொழி கேளாத ஓர் அணி அதே நகரின் பெயரைத் தாங்கி ஆடியது. விளையாட்டு பகையைத் தீர்த்துவிடும் என்று கூறுவது மிகையாகும். எனினும் ஊரின் பெயரை மற்றொரு பொருளில் உச்சரிக்கும் வாய்ப்பை அது அளித்தது.

உள்ளூர் ஆட்டக்காரரின் நிலை

இங்கு ஒரு முரண் எழுகிறது. முன்னர்ப் பெங்களூர் ஆட்டக்காரரை வெளியே அனுப்பியது. அவர்களுக்கேற்ற கழகம் அதனிடம் இல்லை. இன்று கழகம் இருக்கிறது. மணிப்பூர், மிசோரம், கேரளம், வங்காளம், ஐரோப்பா எனப் பல இடங்களிலிருந்தும் ஆட்டக்காரர் இங்கு வருகின்றனர். ஆனால் அல்சூரிலும் ஆஸ்டின் டவுனிலும் பிறந்தோர் அவ்வணியில் அரியராயினர். தொடக்கப் பருவங்களில் ஆடிய சங்கர் சம்பங்கிராஜ் போன்ற பெங்களூர் இளைஞர் சிலரே விதிவிலக்காவர். கழகம் பயிற்சிப்பள்ளியும் இரண்டாம் அணியும் நடத்துகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. தொழில்முறை ஆட்டம் திறமையை மட்டுமே நோக்கும் என்பது ஏற்கத்தக்க வாதமே. எனினும் ஆலை வேலை என்னும் பழைய ஏணி அகற்றப்பட்டுவிட்ட நிலையில், புதிய ஏணி தண்டுப் பகுதிச் சிறுவர்க்கு எட்டுகிறதா என்பது கழகத்தின் அடையாளத்தோடு தொடர்புடைய வினாவாகும்.

உள்ளூரில் திறமை வற்றிவிட்டது என்று கூறவும் இயலாது. 2023 மார்ச்சில் சவுதி அரேபியாவின் ரியாத் நகரில் நடைபெற்ற சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்தில் கர்நாடகம் மேகாலயத்தை 3-2 என வென்றது. 1968-69க்குப் பின் 54 ஆண்டுகள் கழித்துப் பெற்ற வெற்றி இது. முந்தைய நான்கு வெற்றிகளும் மைசூர் என்னும் பெயரில் பெறப்பட்டவை. 1973இல் மாநிலம் பெயர் மாறிய பின்னர்க் கர்நாடகம் என்னும் பெயரில் பெற்ற முதல் வெற்றி இதுவேயாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெங்களூரு கால்பந்துக் கழகத்திற்கு இரு வரலாறுகள் உண்டு என்பது புலனாகிறது. 2013இல் தொடங்கும் வரலாறு கோப்பைகளாலும் ஆவணங்களாலும் நன்கு பதிவாகியுள்ளது. அதற்கு முற்பட்ட வரலாறு தண்டுப் பகுதியின் தெருக்களிலும் பெயர்களிலும் முதியோர் நினைவிலும் சிதறிக் கிடக்கிறது. முன்னதைக் கழகம் தானே எழுதிக்கொள்ளும். பின்னதை ஆய்வாளரே எழுத வேண்டும். அகமது கான் 2017இல் மறைந்தார். சாப்மன் 2020இலும் பாபு மணி 2022இலும் மறைந்தனர். ஆலை அணிகளில் ஆடியோரும் முதுமை எய்திவிட்டனர். அவர்தம் வாய்மொழி வரலாறுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் தொகுக்கும் பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.

கழகம் நகர் முழுவதற்கும் உரிய பெயரைச் சூடியுள்ளது. அப்பெயருக்குரிய நகரை உருவாக்கியவர்களுள் வெறுங்காலோடு ஆடிய சாரங்கபாணி ராமனும் துலுக்காணம் சண்முகமும் அடங்குவர். அவர்களைத் தன் முன்னோராக ஏற்கும்போதுதான், பெங்களூரு என்னும் பெயர் தண்டையும் பேட்டையையும் ஒருங்கே குறிக்கும் முழுப்பொருளைப் பெறும்.